மூன்றாம் நம்பர் ரோலரில் ஒட்டிய சீட்டு

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததே இல்லை. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக 'வேலையிடத்தில் தெளிவாக எழுதுவது எப்படி' என்று முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு கேட்டது. நானும் தலையாட்டினேன். ஊருக்கு உபதேசம் செய்வதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? முதல் இரண்டு பக்கம் முன்னுரை. மூன்றாம் பக்கத்தில் முதல் விதி: முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். அதற்குக் கீழே சின்னதாக ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். 'ஒரு சலவை ஆலையில் ஒரு பெண் இருந்தாள். எதை எழுதினாலும் முக்கியமானதைக் கடைசியில்தான் எழுதுவாள்' என்று ஆரம்பித்தேன்.

இரண்டு வரியில் முடித்துவிட்டு இரண்டாம் விதிக்குப் போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. அந்தப் பெண் என்னிடம் பேனாவைக் கேட்டாள்.

கையேடு மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறது. நிறுவனத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள், என் கை பரபரக்கிறது. இப்படி ஓர் ஆள் கதையில் வந்து உட்கார்ந்து எத்தனை வருடமாயிற்று!

2

தொடக்கம் ஒன்று: 'வெள்ளை விரிப்புகள் அலையலையாக எழுந்து, ஆவியின் மெல்லிய திரைக்குள்—' வேண்டாம். ஆலையில் வேலை பார்ப்பவர் யாரும் ஆவியை மெல்லிய திரை என்று சொல்ல மாட்டார்கள். முகத்தில் அறைகிற ஆவி அது.

தொடக்கம் இரண்டு: 'இன்றைய தொழிற்சூழலில் எழுத்துத் திறன் என்பது மிக இன்றியமையாத—' இது கையேட்டிலிருந்து காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறிவிடுகிறேன்.

தொடக்கம் மூன்று: மணி ஒன்று நாற்பது. இரண்டு மணிக்கு அவளுடைய நாத்தனார் மூன்றாம் நம்பர் ரோலரில் வேலைக்கு நிற்பாள். அதற்குள் ஒரு சீட்டு எழுதி, அதை அவள் படிக்கும்படி செய்யாவிட்டால், நாத்தனாரின் விரல்கள் போய்விடலாம்.

இதுதான். பார்த்தீர்களா, நான் சொன்ன விதியை நானே கடைப்பிடித்துவிட்டேன். எனக்கே நம்ப முடியவில்லை.

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் இல்லை.

காலை ஷிப்டில் அந்த ரோலரை ஓட்டுகிறவளுக்கு ஆலையில் 'புராணம்' என்று பெயர். நாற்பது வயது, கண்ணாடி, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பேனா. ஒரு விரிப்பு கிழிந்ததென்று எழுதச் சொன்னால், அந்த விரிப்பு எந்த ஆஸ்பத்திரியிலிருந்து எந்த வண்டியில் வந்தது என்பதிலிருந்து ஆரம்பிப்பாள். 'புராணம் பாட ஆரம்பிச்சாச்சு' என்று ஒருவர் சொன்னது, பெயராகவே நின்றுவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

மதிய ஷிப்டில் அதே ரோலரை ஓட்டுகிறவள் அவளுடைய கணவனின் தங்கை. வீட்டில் எல்லோருக்கும் 'குட்டி'. இருபத்தொன்பது வயதாகிறது, இன்னும் குட்டிதான். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே இயந்திரத்தை மாறி மாறி ஓட்டுகிறார்கள். மூன்று மாதமாக ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. போனில்கூடப் பேச வழியில்லை, குட்டி அண்ணியின் எண்ணை முடக்கி வைத்திருக்கிறாள்.

பேச்சுதான் இல்லையே தவிர, எழுத்து உண்டு. ஒவ்வொரு ஷிப்டும் முடியும்போது, இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்கிறது. ஷிப்ட் நோட்டு என்பார்கள். இந்த இருவரும் அந்த நோட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள்.

'அடுத்த ஷிப்ட் இயக்குநர் கவனத்திற்கு: குளியலறைக் குழாய் நேற்றும் இறுக மூடப்படவில்லை என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது.'

'காலை ஷிப்ட் இயக்குநருக்கு: குழாயின் வாஷர் தேய்ந்துவிட்டது. மூட இயலாது. தங்கள் கணவருக்குத் தெரியப்படுத்தவும்.'

ஆலையின் மெக்கானிக் இதைப் படித்துவிட்டு, வாஷரும் கையுமாகக் கட்டடம் முழுக்க அரை நாள் குளியலறைக் குழாயைத் தேடினார். அந்த ஆலையில் குளியலறையே கிடையாது. அன்றிலிருந்து அவர் அந்த நோட்டைத் திறப்பதை நிறுத்திவிட்டார். போன மாதம் 'குக்கர் மூடி எங்கே?' என்ற கேள்விக்கு 'தேடினால் கிடைக்கும்' என்று பதில் எழுதப்பட்ட நாளில் குட்டியும் நிறுத்திவிட்டாள். இப்போது அண்ணியின் கையெழுத்தில் எதைக் கண்டாலும், படிக்காமல் கசக்கிப் பஞ்சுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுகிறாள்.

(எழுதும்போது சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். எழுதி முடித்ததும் சிரிப்பு நின்றது. எச்சரிக்கை எழுத வேண்டிய ஒரே இடத்தை இரண்டு பேரும் சேர்ந்து பாழாக்கியிருக்கிறார்கள்.)

4

ரோலர் என்றால் இதுதான். ஈர விரிப்பின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இயந்திரத்தின் வாயில் வைக்க வேண்டும். சூடான உருளைகள் அதை உள்ளே இழுத்து, காயவைத்து, தேய்த்து, மறுபக்கம் தள்ளும். வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி இருக்கிறது. விரல் தவறி உள்ளே போனால் முதலில் கம்பியில் இடிக்கும், இடித்ததும் உருளை நின்றுவிடும். நிற்க வேண்டும்.

இன்று காலை பதினொன்று இருபதுக்குப் புராணம் கம்பியைத் தொட்டாள். உருளை நிற்கவில்லை. மறுபடி தொட்டாள், நிற்கவில்லை. மூன்றாம் முறை நல்ல பிள்ளையாக நின்றது. அதுதான் வினை. பத்து முறைக்கு எட்டு முறை வேலை செய்கிறது. மெக்கானிக் வந்து பார்த்த இரண்டு முறையும் வேலை செய்தது. 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மேலாளருக்குப் புராணம் போன மாதமே எழுதினாள். நான்கு பக்கம். கம்பி மூன்றாம் பக்கத்தின் கீழே வருகிறது. மேலாளர் முதல் பத்தியை மட்டும் படித்துவிட்டு 'பார்த்தேன்' என்று ஓரத்தில் எழுதினார். போன வாரம் அவளே ரோலரை நிறுத்திவிட்டுப் போனாள். அவர் மறுபடி ஓடவிட்டு, 'அனுமதியின்றி இயந்திரத்தை நிறுத்தக் கூடாது' என்று அவளுக்கு எழுத்தில் கொடுத்தார். அவர் எழுதியதிலேயே தெளிவான வாக்கியம் அதுதான். இன்று அவரும் வெளியே கூட்டத்துக்குப் போயிருக்கிறார்.

உங்கள் கேள்வி எனக்குக் கேட்கிறது. பேசாமல் நேரில் சொல்லிவிட்டால் என்ன? நானும் அதைத்தான் கேட்டேன். கதையின் நடுவில் நுழைந்து, ரோலர் பக்கத்திலேயே நின்று கேட்டேன்.

"ஏம்மா, ஒரு பத்து நிமிஷம் இருந்து அவகிட்ட நேர்ல சொல்லிடலாமே?"

"சொல்லலாம். பேச்சில்லாட்டியும் போன மாசம் ஒரு தடவை வாசல்ல நிறுத்தி வச்சு இதே கம்பியைப் பத்திச் சொன்னேன். கம்பின்னு ஆரம்பிச்சு, குக்கர் மூடிக்குப் போய், எங்க கல்யாணத்துக்குப் போய்ட்டேன். அவ பாதிலயே கிளம்பிட்டா. நான் வாயைத் திறந்தா நிறுத்த மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே என்னை இப்படிப் பண்ணி வச்சீங்க."

மணி ஒன்று நாற்பத்தைந்து.

5

அவள் தலையணை உறைகள் அடுக்கிய மேசையில் காகிதத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள்.

முதல் வரைவு: 'அடுத்த ஷிப்ட் இயக்குநர் கவனத்திற்கு: இன்று காலை ஆறு மணிக்கு நான் பணிக்கு வந்தபோது தரை ஈரமாக இருந்தது, அதைத் துடைத்துவிட்டு முதலில் தலையணை உறைகளை எடுத்தேன், அவற்றில் பதினேழு உறைகளில் கறை இருந்தது, கறை குறித்து அழுக்குத் துணி பிரிக்கும் பக்கத்தில் உள்ளவர்களிடம் கேட்டதற்கு அவர்கள்—'

"நிறுத்துங்க, நிறுத்துங்க," என்றேன். குட்டியின் விரல் பதினேழு கறைக்கும் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. கையேடு எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. காகிதத்தை நானே வாங்கி எழுதினேன். இரண்டாம் வரைவு: 'மேற்படி இயந்திரத்தின் தடுப்புக் கம்பியின் செயல்பாட்டில் அவ்வப்போது ஐயப்பாடு எழுவதால், தக்க கவனம் மேற்கொள்ளப்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். உரக்கவே படித்தாள்.*

"யாரு கேட்டுக்கறா? யாருகிட்ட கேட்டுக்கறா? இதுல ஒரு ஆளையே காணோமே எழுத்தாளரே! கம்பி இருக்கு, ஐயப்பாடு இருக்கு. விரல் எங்க?"

* 'அனுப்பும் முன் உரக்கப் படியுங்கள்.' கையேட்டின் ஆறாம் விதி. நான் குறித்துவைத்திருக்கும் விதி. நான் செய்யவில்லை, அவள் செய்தாள்.

மூன்றாம் வரைவை இருவரும் சேர்ந்து எழுதினோம். 'கம்பி வேலை செய்யவில்லை. கவனமாக இரு.' ஐந்தே சொல். நான் கை தட்டப் போனேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"'கவனமாக இரு'ன்னு நான் எழுதினா அவ என்ன நினைப்பா தெரியுமா? வந்துட்டா பெரிய இவ, எனக்கு வேலை தெரியாதுன்னு சொல்றான்னு நினைப்பா. அந்தக் கோபத்துலயே கையை உள்ள விடுவா. அதோட, எப்படிக் கவனமா இருக்கறது? கண்ணை அகல விரிச்சு வச்சிக்கிறதா? என்ன பண்ணணும்னு சொல்ல வேணாமா?"

ஒன்று ஐம்பது. அவளே பேனாவை வாங்கினாள். நான்காம் வரைவு:

'கம்பியை நம்பாதே. இன்று 11.20க்கு இரண்டு முறை தொட்டேன், ரோலர் நிற்கவில்லை. துணி சிக்கினால் கையை விடாதே. சிவப்புப் பொத்தானை அழுத்து. உருளை நின்ற பிறகு எடு.'

நான் குதித்தேன். உண்மையாகவே நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன், கீழ்வீட்டுக்காரர் கேட்டிருப்பார். என்ன நடந்தது, எப்போது நடந்தது, என்ன செய்ய வேண்டும், எல்லாம் இருக்கிறது! நான்கு பக்கம் எழுதினவள் ஐந்தே வரியில் நிற்கிறாள்! கையேட்டின் அட்டையிலேயே இதை அச்சடிக்கலாம்!

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் புராணம். "ஆனா படிக்க மாட்டா."

6

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முக்கியமான ஒன்றை நானும் பின்னால் தள்ளிவிட்டேன். அந்த மூன்று மாதச் சண்டை எதனால் என்று இன்னும் சொல்லவில்லை. குக்கர் மூடியால் இல்லை.

ஷிப்ட் பொறுப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். குட்டி விண்ணப்பம் எழுதினாள். ஏழு வரி. எத்தனை வருடம் வேலை பார்த்தாள், எந்தெந்த இயந்திரம் தெரியும், ஏன் இந்த வேலை வேண்டும், அவ்வளவுதான். அனுப்பும் முன் அண்ணியிடம் கொடுத்தாள். "ஒரு தடவை பாத்துக் குடுங்கண்ணி. நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

நல்லா எழுதுவீங்க என்று புராணத்திடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஏழு வரி நான்கு பக்கமாயிற்று. 'எட்டாம் மாதத்திலேயே நடக்கத் தொடங்கிய சுறுசுறுப்பு மிக்கவள்' என்றெல்லாம் வந்தது. புதுக் காகிதத்தில் அழகாக எழுதி, தானே கொண்டுபோய் மேலாளரிடம் கொடுத்தாள். குட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேலாளர் அதைத் தேநீர் இடைவேளையில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார். ஆலையே வயிறு குலுங்கச் சிரித்தது. குட்டி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஒரு வாரம் அவளை எல்லோரும் 'எட்டாம் மாதம்' என்று கூப்பிட்டார்கள்.

அன்று வீட்டில் புராணம் சொன்னது ஒன்றே ஒன்று. "நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்." இன்றுவரை அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அத்தனை பக்கம் எழுதுகிறவளுக்கு, 'நான் கெடுத்துவிட்டேன்' என்ற வரி மட்டும் வரவில்லை.

(இவள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அழித்துவிட்டு வேறு ஆளை எழுதலாமா என்று யோசித்தேன். அப்புறம் நான் வெட்டித் திருத்திக் கொடுத்த நண்பர்களின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன. அவளை அப்படியே விட்டுவிட்டேன்.)

7

ஒன்று ஐம்பத்திரண்டு.

"முதல்ல வேற ஒரு வரி வரணும்," என்றாள். "கம்பி அப்புறம்தான்."

"அய்யோ, வேண்டாம்மா! முக்கியமானதை முதல்ல சொல்லணும். அதுதான் முதல் விதி. விரலைவிட முக்கியம் என்ன இருக்கு?"

"எது முக்கியம்னு நீங்க சொல்றீங்க. சரி. ஆனா படிக்கப்போறது நீங்க இல்ல, அவ. என் கையெழுத்தைப் பார்த்ததும் அவ மனசுல என்ன ஓடும்? கம்பியா ஓடும்? மறுபடி என்னைக் குத்தம் சொல்ல வந்துட்டான்னு ஓடும். முதல் வரி அதைத் தாண்டி அவளை உள்ள இழுக்கலேன்னா, ரெண்டாவது வரியைத் தங்கத்துல எழுதினாலும் குப்பைத் தொட்டிதான்."

யாருக்கு எழுதுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இது என் இரண்டாம் விதி! இன்னும் எழுதவே ஆரம்பிக்காத நான்காம் பக்கம்! அவள் அங்கிருந்து எழுந்து வந்து என் முதல் விதியை அடித்துப் போட்டுவிட்டாள். கையேட்டின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்தேன். இந்த மாதத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்த வேலை வேறில்லை.

அவள் எழுதினாள், அடித்தாள், எழுதினாள்.

'நடந்தது நடந்துவிட்டது' — அடித்தாள். "தானா நடக்கல. நான்தான் நடத்தினேன்."

'உன்மேல் உள்ள பாசத்தினால்தான் நான் அன்று' — அடித்தாள். "இதுவும் என்னைப் பத்தித்தான் பேசுது."

'யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் மேலும்' — பாதியிலேயே பேனா நின்றது. அதையும் அடித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். ஆவி படிந்திருந்தது என்று எழுதலாம். இல்லை, அவள் அழுதாள். அழுதுகொண்டே காகிதத்தின் மேலே பார்த்தாள். வழக்கப்படி கை தானாக எழுதியிருந்த 'அடுத்த ஷிப்ட் இயக்குநர் கவனத்திற்கு' அங்கே இருந்தது. மூன்று மாதமாக அவள் நாத்தனாரை அழைத்துவந்த பெயர் அதுதான்.

அந்தக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்தாள். 'குட்டி,' என்று எழுதினாள். இதுவரை எனக்குத் தெரிந்தது.

அடுத்த வரியை எழுதும்போது அவள் தோளால் மறைத்துக்கொண்டாள். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்த்துவிடாமல் மறைப்பார்களே, அப்படி. "இது உங்களுக்கு இல்ல," என்றாள். எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. என் கதையில், என் பேனாவால் எழுதியதை, எனக்கே காட்டவில்லை!

ஒரே வரிதான். பேனா ஓடிய நேரத்தை வைத்துச் சொல்கிறேன். புராணம் ஒரே வரியில் நிறுத்திவிட்டாள்.

8

ஒன்று ஐம்பத்தெட்டு. வெளியே காலை ஷிப்டை ஏற்றிப்போகும் வேன் ஹாரன் அடிக்கிறது. அவள் சீட்டை ரோலரின் பச்சைப் பொத்தான்மேல், நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினாள். அதைப் பிய்க்காமல் இயந்திரத்தை ஓட்ட முடியாது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்கதவு வழியாகப் போனாள். அந்த ஆலையில் ஒரு ஷிப்ட் பின்கதவால் போகும், அடுத்தது முன்கதவால் வரும்.

முன்கதவு திறக்கிறது. குட்டி தலைத்துணியைக் கட்டிக்கொண்டே வருகிறாள். பச்சைப் பொத்தான்மேல் அந்தக் கையெழுத்தைப் பார்க்கிறாள். முகம் சுருங்குகிறது.

முடிவு அ: படிக்கிறாள், கண் கலங்குகிறது, துணி சிக்கும்போது சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள், மாலையில் வீட்டில் இருவரும் குக்கர் மூடியைத் தேடுகிறார்கள். கையேட்டுக்குப் பொருந்தும். ஆனால் அந்த முதல் வரி என்னவென்றே தெரியாமல் இதை எப்படி நம்புவது?

முடிவு ஆ: கசக்கிப் போடுகிறாள். இதை மூன்று வாக்கியம் எழுதினேன், அழித்துவிட்டேன். நானும் விரலால் பிழைக்கிறவன்தான்.

ஒன்றே ஒன்றை மட்டும் என்னால் மாற்ற முடியாது. இரண்டு பதினேழுக்கு ஒரு விரிப்பு சிக்கும். நானே எழுதிவிட்டேன், அது நடந்தே தீரும். அதற்கு முன்னால் குட்டி படித்தாளா என்பது ஒரு வரியைப் பொறுத்தது. அதை நான் பார்க்கவில்லை. என்னால் எழுதவும் முடியாது, எழுதிப் பார்த்தேன், எல்லாம் 'தெரிவிக்கப்படுகிறது' என்று முடிகிறது.

நிறுவனம் கேட்ட கையேட்டில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பயிற்சி இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஆகவே:

பயிற்சி. விடுபட்ட வரியை நிரப்புக. ஒரே வரி. விளக்கம் கூடாது. நேரம்: அவள் தலைத்துணியைக் கட்டி முடிக்கும்வரை. பேனா உங்களிடம்தான் இருக்கிறது, சீக்கிரம்!

குட்டி,

.................................................................

கம்பியை நம்பாதே. இன்று 11.20க்கு இரண்டு முறை தொட்டேன், ரோலர் நிற்கவில்லை. துணி சிக்கினால் கையை விடாதே. சிவப்புப் பொத்தானை அழுத்து. உருளை நின்ற பிறகு எடு.

அண்ணி